ஜைரோஸ்கோப்: ஏவுகணை முதல் விண்தொலைநோக்கி வரை

வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. அதைத் தாங்கும் கூடு எந்தப் பக்கம் திரும்பினாலும் அச்சு பழைய திசையிலேயே நிற்கும். வெளியே எதையும் பாராமல் ஒரு கலம் தன் நிலையை அறிவது இந்தப் பண்பால்தான். 1817-இல் ஜெர்மனியின் போனன்பெர்கர் இத்தகைய கருவியை விவரித்தார். 1852-இல் பூமியின் சுழற்சியைக் காட்ட இதைப் பயன்படுத்திய பிரெஞ்சு இயற்பியலர் ஃபூக்கோ, ஜைரோஸ்கோப் என்று பெயரிட்டார்.

1942 அக்டோபர் 3 அன்று பீனமுண்டேயிலிருந்து வெற்றிகரமாக எழும்பிய ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டில் இரண்டு ஜைரோக்கள் இருந்தன. ராக்கெட் திசை பிசகினால் அவை தரும் சைகையைக் கொண்டு, நெருப்பு பீறிடும் வாயிலிருந்த கிராஃபைட் சுக்கான்கள் அதைத் திருத்தின. அப்படியும் குறி கிலோமீட்டர் கணக்கில் தப்பியது. வி-2 தாக்கி லண்டனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் மடிந்த பொதுமக்களை விட்டுவிட்டு இக்கருவியின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஜைரோவின் பெரும்பகை உராய்வு. தாங்கியில் சிறிது உரசினாலும் அச்சு மெல்ல விலகும். நேரம் ஆக ஆகப் பிழை பெருகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் கண்ட வழி அழகானது. சக்கரத்தை ஒரு குப்பிக்குள் அடைத்து, அந்தக் குப்பியை அடர்ந்த திரவத்தில் மிதக்கவிட்டார். பாரத்தைத் திரவமே ஏற்றுக்கொண்டதால் தாங்கிகளுக்கு வேலை குறைந்தது. 1953 பிப்ரவரியில் ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள அவரது வழிகாட்டும் கருவி, பி-29 விமானத்தை மாசசூசெட்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டு சேர்த்தது.

அணு ஆயுதம் தாங்கி நீர்மூழ்கியிலிருந்து பாயும் போலாரிஸ் ஏவுகணைக்காக உருவான ஜைரோவின் வழிவந்ததே அப்போலோவை நிலவுக்கு வழிநடத்தியது. அணு ஆயுதத்துக்கும் நிலவுப் பயணத்துக்கும் டிரேப்பரின் ஒரே ஆய்வகம், ஏறக்குறைய ஒரே கருவி. அப்போலோவில் ஜைரோக்கள் பொருத்திய மேடையைத் தாங்கியவை மூன்று வளையங்கள். அவற்றின் அச்சுகள் ஒரே தளத்தில் அமைந்துவிட்டால் மேடை திசையை இழக்கும். அதனால் அந்த நிலை நெருங்காதபடி விண்வெளி வீரர்கள் கலத்தைத் திருப்பினார்கள். அவ்வப்போது விண்மீன்களைப் பார்த்து மேடையைச் சரிசெய்தார்கள்.

1963-இல் சக்கரத்துக்குப் பதில் லேசர் ஒளியைச் சுற்றவிடும் ஜைரோ வந்தது. 1997-இல் சனிக்குப் புறப்பட்ட காசினி விண்கலம், திசையறிய அதிரும் அரைக்கோளங்களை நம்பிச் சென்றது.

ஹபிள் விண்தொலைநோக்கியோ மிதக்கும் சக்கரத்தையே வைத்துக்கொண்டது. நிமிடத்துக்கு 19,200 முறை சுழலும் அச்சக்கரத்துக்கு மின்சாரம் தருபவை தலைமுடியளவு மெல்லிய கம்பிகள். திரவத்தை உள்ளே செலுத்தப் பயன்பட்ட காற்றின் ஆக்சிஜன், நாளடைவில் அக்கம்பிகளை அரிக்கக் காரணமானது. 1999 நவம்பர் 13 அன்று ஆறு ஜைரோக்களில் நான்காவதும் நின்றதும் ஹபிளின் ஆய்வுகள் நின்றன. அடுத்த மாதமே டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்றவர்கள் ஆறையும் மாற்றினார்கள். புதியவற்றில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் பயன்பட்டது. 2009-இல் மீண்டும் ஆறு ஜைரோக்கள் பொருத்தப்பட்டன. 2024 ஜூனிலிருந்து ஹபிள் ஒரே ஜைரோவைக் கொண்டு இயங்குகிறது.