விஜய் தொலைக்காட்சி: கைமாறிய உரிமையும் மாறாத பெயரும்

சென்னையிலிருந்து இயங்கும் தமிழ்ப் பொழுதுபோக்கு அலைவரிசை விஜய் தொலைக்காட்சி. 1994-ல் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அதன்பின் யுபி குழுமம், யுடிவி, ஸ்டார், டிஸ்னி என்று கைமாறி, 2024 முதல் ஜியோஸ்டார் நிறுவனத்தின்கீழ் உள்ளது. தேசிய நிறுவனமொன்று மாநில மொழி அலைவரிசையை வாங்கித் தன் அடையாளத்தை அதன்மேல் ஏற்றியதற்கு முன்னோடியான எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது. ஏட்டில் 'ஸ்டார் விஜய்' என்று ஆனாலும் பார்ப்பவர்களுக்கு இன்றுவரை 'விஜய் டிவி'தான்.

தொடக்கம்

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை தமிழ் வீடுகளுக்குத் தொலைக்காட்சி என்றால் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சென்னைத் தூர்தர்ஷன் மட்டுமே. அடுத்த ஆண்டு ராஜ் டிவியும் கோல்டன் ஈகிளும் வந்தன. கோல்டன் ஈகிளைத் தொடங்கியவர் என்.பி.வி. ராமசாமி உடையார். மதுத் தொழிலில் பொருளீட்டியவர். போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். பெயரோ, சுருக்கமாகச் சொன்ன ஜிஇசி என்ற எழுத்துகளோ தமிழ் நாக்கில் ஒட்டவில்லை.

சில ஆண்டுகளுக்குள் அது விஜய் மல்லையாவின் யுபி குழுமத்துக்குப் போனது. மது ஆலை அதிபர் ஒருவர் தொடங்கியதை இன்னொரு மது ஆலை அதிபர் வாங்கினார் என்பது தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றில் அதிகம் பேசப்படாத வேடிக்கை. முதலாளியின் பெயரே அலைவரிசையின் பெயராயிற்று. நடிகர் விஜய் வளர்ந்துவந்த காலமும் அதுவே. ஆனால் இந்தப் பெயருக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

வணிக நோக்கில் பார்த்தால் இது மல்லையாவின் சொந்த ஆசையாகவே தோன்றும். பலன் வேறாக அமைந்தது. 'விஜய்' இரண்டே அசை, எந்த ஊரிலும் புழங்கும் ஆண்பிள்ளைப் பெயர், வெற்றி என்ற பொருளும் கூடவே வருகிறது. 1990-களின் இறுதியில் மல்லையா விலகி, ரோனி ஸ்குரூவாலாவின் யுடிவி பொறுப்பேற்றது. பெயர் வைத்தவர் போன பிறகும் பெயர் நிலைத்தது. அடுத்து வந்த யாரும் அதை எடுக்கத் துணியவில்லை.

நட்சத்திரம் ஏறிய விதம்

ஸ்டார் தொலைக்காட்சியை 1991-ல் ஹாங்காங்கில் தொடங்கியது லீ கா-ஷிங் குடும்பத்தின் ஹட்சிசன் நிறுவனம். 1993-ல் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் அதன் 63.6 சதவீதப் பங்கை 52.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவில் முதல் சில ஆண்டுகள் ஆங்கில நிகழ்ச்சிகளை நம்பித் தடுமாறிய ஸ்டார், 2000 ஜூலையில் ஸ்டார் பிளஸை முழு இந்தி அலைவரிசையாக்கி, அமிதாப் பச்சனின் 'கௌன் பனேகா குரோர்பதி'யோடு எழுந்து நின்றது. இந்தியாவில் மொழிதான் சந்தை என்று அந்த வெற்றி அதற்குக் கற்றுத் தந்தது. 2001-ல் விஜய் டிவியின் பெரும்பங்கை வாங்கியதைப் பாடத்தின் இரண்டாம் பக்கம் எனலாம்.

இப்படி வாங்கும் நிறுவனத்துக்கு மூன்று வழிகள் உண்டு: பழைய பெயரைத் துடைத்துத் தன் பெயரை எழுதுவது, பழைய பெயரைத் தொடாமல் பின்னால் நின்றுகொள்வது, இரண்டையும் ஒட்டவைப்பது. ஸ்டார் மூன்றாவதை எடுத்தது. திரையின் மூலையில் நட்சத்திரம் வந்து அமர, பக்கத்தில் 'விஜய்' அப்படியே இருந்தது. இலச்சினையின் நிறமும் வடிவமும் பின்னர் பலமுறை மாறின. இந்த ஒட்டு பிரியவில்லை. தமிழில் அன்று 'ஸ்டார்' என்ற சொல் சினிமா நடிகரைத்தான் நினைவூட்டியது, ஒரு நிறுவனத்தை அல்ல. விஜயை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது முகவரியில்லாத அலைவரிசைதான் என்பதை வாங்கியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

உண்மையான அடையாள மாற்றம் இலச்சினையில் நடக்கவில்லை, நிகழ்ச்சிகளில் நடந்தது. அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடித்தன. சன்னிடம் பெரும் படக் களஞ்சியமும் மாலையிலிருந்து இரவு வரை நீளும் மெகா தொடர்களும் இருந்தன. அதே களத்தில் இறங்கி மோதுவது வீண். லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்' குடும்பச் சண்டைகளை அரங்குக்குக் கொண்டுவந்தது. 'லொள்ளு சபா' இன்னும் சாதுரியமானது. சன்னுக்கு நிகராகப் படங்களை வாங்கிக் குவிக்க முடியாத சேனல், அந்தப் படங்களையே அரைமணி நேரத்தில் கேலி செய்து காட்டியது. நாயகனின் பஞ்ச் வசனத்தை, அட்டைப் பின்னணிக்கு முன்னால், பொருந்தாத விக்கோடு ஒருவர் பேசுவார். செலவும் குறைவு, கல்லூரி மாணவர்கள் கூட்டமும் சேர்ந்தது. சந்தானம் அங்கிருந்து வந்தவர். என் கணிப்பில், விஜய் டிவிக்கு 'இளைஞர் சேனல்' என்ற முகம் எந்த விளம்பர நிறுவனத்தாலும் வரவில்லை. 'லொள்ளு சபா'வால் வந்தது.

2005, 2006 ஆகிய ஆண்டுகளில் பின்னணியில் இருந்த தேசிய வலைப்பின்னல் வேலை செய்யத் தொடங்கியது. ஸ்டாரின் இன்னொரு இந்தி அலைவரிசையான ஸ்டார் ஒன்னில் நகைச்சுவைப் போட்டி ஓடிய காலத்தில் இங்கே 'கலக்கப் போவது யாரு'. அங்கே ஜோடி நடனம், இங்கே 'ஜோடி நம்பர் ஒன்'. 'காஃபி வித் கரண்' இங்கே 'காஃபி வித் அனு'. இவற்றை வெறும் நகல் என்று ஒதுக்க முடியாது. மிமிக்ரிக்குத் தமிழ்நாட்டில் கோயில் திருவிழா மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் பல ஆண்டுப் பயிற்சி இருந்தது. 'கலக்கப் போவது யாரு' அந்த ஊற்றைக் கண்டுபிடித்துக் குழாய் போட்டது. சிவகார்த்திகேயன் அந்த மேடையில் வென்று, தொகுப்பாளராகி, கதாநாயகனானார். 2006-ல் தொடங்கிய 'நீயா நானா' பட்டிமன்ற மரபின் மறுபிறப்பு. பேச்சாளர்கள் இருந்த இடத்தில் மாமியார்களும் மருமகள்களும், கணவர்களும் மனைவிகளும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் கோபிநாத் கோட்டு போட்டு நின்றார். அதே ஆண்டு தொடங்கிய 'சூப்பர் சிங்கர்', பின்னர் பள்ளிக் குழந்தைகளின் பாட்டை வீட்டுக்கு வீடு விவாதிக்கவைத்தது. கனடா, சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகளையும் சென்னை அரங்குக்கு இழுத்தது.

செய்தி இல்லாத சேனல்

தமிழ்நாட்டில் சேனல் என்றால் கட்சிக் கொடி தெரியும். சன்னும் 2007-ல் வந்த கலைஞர் டிவியும் ஒரு பக்கம், ஜெயா எதிர்ப்பக்கம். கூடவே மக்கள், கேப்டன், வசந்த் என்று கட்சிக்கொரு திரை. விஜய்க்கு அந்த நிறம் படியவில்லை. இதற்கு டெல்லி விதியும் ஒரு காரணம். 2003-ல் மத்திய அரசு செய்தி அலைவரிசைகளில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. மர்டாக் நிறுவனத்தின் பிடியில் இருந்த பொழுதுபோக்கு அலைவரிசைக்குச் செய்தி வாசிப்பது சட்டச் சிக்கலான காரியமாயிற்று. ஸ்டாரின் இந்திச் செய்தி அலைவரிசையே இதனால் ஆனந்த பஜார் குழுமத்தின் கைக்குப் போய், 2012-ல் ஸ்டார் நியூஸ் என்ற பெயரை விட்டு ஏபிபி நியூஸ் ஆனது.

இரவு எட்டு மணிக்குச் செய்தி இல்லாதது மற்ற சேனல்களின் கணக்கில் குறை. விஜய்க்கு அதுவே சாதகமானது. ஆட்சி மாறும்போதெல்லாம் எதிர்க்கட்சிச் சேனலுக்குக் கேபிளில் என்ன கதி என்று பேச்சு எழும். விஜய்க்கு அந்தக் கவலை குறைவு. எதிரெதிர்க் கட்சி சார்ந்த குடும்பங்கள் இரண்டும் ஒரே சேனலில் 'சூப்பர் சிங்கர்' பார்க்கலாம். வெளியாள் முதலாளி என்பது உள்ளூரில் பலவீனமாக இருந்திருக்க வேண்டியது; இங்கே அது பொது இடமாக அமைந்தது.

திருவண்ணாமலை வரை

பெயர் மாற்றத்தைச் சென்னை, மும்பை அலுவலகங்கள் முடிவு செய்யலாம். அது ஊருக்குள் நுழைவது கேபிள்காரர் வழியாக. திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். 1989 செப்டம்பரில் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து அது தனி மாவட்டமான சில ஆண்டுகளிலேயே கேபிள் காலம் வந்துவிட்டது. அனலாக் காலத்தில் சேனலின் பெயரைவிட அது உட்கார்ந்திருக்கும் எண்தான் முக்கியம். டயனோரா, சாலிடேர் போன்ற சென்னைத் தயாரிப்புப் பழைய பெட்டிகளில் எட்டு, பன்னிரண்டு என்று பொத்தான்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் சின்னத் திருகைச் சுழற்றி ஒரு சேனலைப் பிடித்து நிறுத்த வேண்டும். மேல்வரிசை அலைக்கற்றையைப் பிடிக்கும் திறன் அந்தப் பெட்டிகளுக்கு இல்லை. சேனல் கீழ்வரிசையிலிருந்து மேலே தள்ளப்பட்டால் பாதி வீடுகளில் திரை புள்ளிப் புள்ளியாகிவிடும். இலச்சினையில் நட்சத்திரம் சேர்ந்ததை அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எண் மாறியிருந்தால் மாலைக்குள் கேபிள்காரர் வீட்டு வாசலில் ஆள் நின்றிருக்கும்.

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தரத் தொடங்கியது. பின்னர் செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டண விதி, கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் விலை எழுதவைத்தது. பெட்டியின் பட்டியலில் 'ஸ்டார் விஜய்' என்று முழுப்பெயர் தெரிந்தது அதன்பிறகுதான் பலருக்கு உறைத்தது. பெயரைவிட விலைதான் அப்போது பேச்சானது.

இந்த ஊருக்குச் சேனல் பெயர் கணக்காகும் நாள் ஒன்று உண்டு. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு 2,668 அடி மலையுச்சியில் தீபம் ஏற்றும்போது, கூட்டத்துக்கு அஞ்சி வீட்டிலிருக்கும் முதியவர்கள் தேடுவது தூர்தர்ஷன் நேரலையை. அவர்கள் வாயில் அது 'பொதிகை'. 2024 ஜனவரி 19 அன்று பிரதமர் சென்னையில் தொடங்கிவைத்த புதுப்பிப்போடு டிடி பொதிகை, டிடி தமிழ் ஆயிற்று. தென்கோடி மலையொன்றின் பெயரை எடுத்துவிட்டு மொழியின் பெயரை வைத்த மாற்றம் அது. தேசிய ஒளிபரப்பாளர் தன் மாநில அலைவரிசைகளை ஒரே அச்சில் வார்க்க நினைத்தால் இப்படித்தான் முடியும். பொதிகைக்கு இருந்த மண்வாசனை டிடி தமிழுக்கு இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியார் முதலாளி காப்பாற்றிய அளவுக்குக்கூட அரசு ஒளிபரப்பாளர் தான் வைத்த பெயரைக் காப்பாற்றவில்லை.

பிற மாநிலங்களில்

விஜயில் கற்ற ஒட்டுமுறையை ஸ்டார் எல்லா இடத்திலும் ஒரேபோலப் பயன்படுத்தவில்லை. மலையாளத்தில் 1993-ல் தொடங்கிய ஏசியாநெட் 2008-ல் ஸ்டாரிடம் வந்தபோதும் பெயர் ஏசியாநெட்டாகவே நீடித்தது. கேரளத்தில் அந்தப் பெயரைத் தொட்டிருந்தால் நட்டம் ஸ்டாருக்கே. கன்னடத்தில் ஏசியாநெட் குழுமத்தின் சுவர்ணா 2016-ல் ஸ்டார் சுவர்ணா. தெலுங்கில் 2015-ல் விலைபேசிய மா டிவி 2017-ல் ஸ்டார் மா. எதிர்வழியில் சென்றது, கலர்ஸ் அலைவரிசையை நடத்திய வயாகாம்18: ராமோஜி ராவின் ஈநாடு குழுமத்திலிருந்து வந்த ஈடிவி கன்னடம், மராத்தி, பங்களா முதலியவற்றை 2015-ல் ஒரே வீச்சில் கலர்ஸ் என்று எழுதியது. கன்னடத்தில் அந்தத் துடைப்பு பலித்தது. தமிழில் வாங்குவதற்கு ஆகிவந்த அலைவரிசை எதுவும் சிக்காததால் அந்நிறுவனம் 2018 பிப்ரவரியில் கலர்ஸ் தமிழைப் புதிதாகவே தொடங்கியது. பத்து ஆண்டு முன்பு ஜீ தமிழும் அப்படித்தான் வந்தது.

தலைகீழான நிகழ்ச்சியும் சென்னையில் உண்டு. தேசிய நிறுவனமான என்டிடிவியும் இந்து நாளிதழும் 2009-ல் கூட்டாகத் தொடங்கிய ஆங்கில அலைவரிசையைத் தினத்தந்தி வாங்கி, 2012-ல் தந்தி டிவி ஆக்கியது. மொழி, பெயர், பார்வையாளர் எல்லாமே மாறிய முழு மாற்றம். மாநிலக் கை தேசியக் கையை வாங்கியபோது ஒட்டுவேலைக்கு இடமே வைக்கவில்லை.

2017-க்குப் பின்

2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் தொகுக்கத் தொடங்கிய 'பிக் பாஸ்', விஜய் டிவியைத் தெருப்பேச்சில் நிறுத்தியது. அதன் ஏழு பருவங்களை நடத்தினார் கமல். 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி வந்தார். 2019-ல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' சமையலைக் கலாட்டாவாக்கி ஊரடங்கு நாட்களில் வீடுகளை நிறைத்தது. இடையில் 2019 மார்ச்சில் மர்டாக்கின் பொழுதுபோக்குச் சொத்துகளை டிஸ்னி வாங்கியபோது ஸ்டார் இந்தியாவும் கைமாறியது. தமிழ்ப் பார்வையாளருக்கு அது செய்தியாகக்கூட எட்டவில்லை. டிஸ்னியின் பெயர் இணையவழி ஒளிபரப்புச் செயலியில்தான் வந்தது, சேனலில் அல்ல.

2024 நவம்பர் 14 அன்று ரிலையன்ஸின் வயாகாம்18-ம் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் இணைந்து ஜியோஸ்டார் ஆயின. இந்தியில் 'பிக் பாஸ்' ஒளிபரப்பும் கலர்ஸும் தமிழில் அதை ஒளிபரப்பும் விஜயும், நேற்றுவரை போட்டியாளர்கள், ஒரே முதலாளியின் வீட்டுக்குள் வந்தன. விஜயும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரைக்கீழ் இருப்பதால் எதை வைத்து எதை மாற்றுவது என்ற கேள்வி மும்பையில் எழலாம். மல்லையாவின் பெயர் இதுவரை நான்கு முதலாளிகளைத் தாண்டியிருக்கிறது.