ஊதி விரிக்கும் விண்வெளி வாழிடம்

துணியாலும் இழைப் பட்டைகளாலும் ஆன சுவருடன் மடித்து ஏவப்பட்டு, விண்வெளியில் காற்றடைத்து விரிக்கப்படும் குடியிருப்புக் கலம். ராக்கெட்டின் முகப்புக் கூட்டுக்குள் அடங்காத அளவுள்ள உலோகக் கலத்தை ஒரே முறையில் ஏவ இயலாது. அந்த வரம்பைக் கடக்கவே இந்த வடிவமைப்பு உருவானது.

அமைப்பு

உள்ளே பூமியின் காற்றழுத்தமும் வெளியே வெற்றிடமும் இருக்கையில், சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 10 டன் எடைக்கு ஈடான விசை வெளிநோக்கி அழுத்தும். காற்று கசியாமல் காப்பது உட்புறப் பை. விசையைத் தாங்குவது அதைச் சுற்றியுள்ள கெவ்லர் அல்லது வெக்ட்ரான் பின்னல். பையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பதால் இழுவிசை முழுவதும் பின்னலுக்குச் சென்றுவிடும். அதன்மேல் விண்துகள்களைச் சிதறடிக்கும் பீங்கான் இழைத் துணியும் நுரையும், அவற்றுக்கும் வெளியே வெப்பக் காப்பும் அமையும். கதவுக்கான உலோக வளையத்தோடு துணி சேருமிடமே வடிவமைப்பில் சிக்கலான பகுதி. ஓயாத இழுவிசையால் இழை மெல்ல நீள்வதும் கலத்தின் ஆயுளைக் கட்டுப்படுத்தும்.

வரலாறு

1965 மார்ச் 18 அன்று அலெக்சி லியோனவ், வாஸ்கோத்-2 கலத்தின் ஊதி விரிக்கும் காற்றறை வழியாக வெளிவந்து முதல் விண்நடை புரிந்தார். 1990களில் நாசா வகுத்த டிரான்ஸ்ஹேப் திட்டம் கைவிடப்பட்டது. அதன் நுட்பத்தைப் பெற்ற பிகலோ நிறுவனம் 2006, 2007 ஆண்டுகளில் இரு ஆளில்லாக் கலங்களை ஏவியது. அந்நிறுவனத்தின் பீம் கலம் 2016 மே 28 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் விரிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 16 கன மீட்டர்.

இந்தியாவில்

2022 செப்டம்பர் 3 அன்று இஸ்ரோ, தும்பாவிலிருந்து ரோகிணி ராக்கெட்டில் ஊதி விரிக்கும் வேகத்தணிப்பானை ஏவியது. பாலிகுளோரோப்ரீன் பூசிய கெவ்லர் துணியாலான அது சுமார் 84 கி.மீ. உயரத்தில் விரிந்தது. அது வாழிடம் அன்று; எனினும் மடித்த துணியை உயரத்தில் காற்றடைத்து விரிக்கும் நுட்பம் இரண்டுக்கும் பொதுவானது.

2024 நவம்பரில் லடாக்கின் லே பகுதியில் இஸ்ரோவின் மனித விண்வெளிப் பயண மையம், ஆகா ஸ்பேஸ் ஸ்டுடியோ, லடாக் பல்கலைக்கழகம், மும்பை ஐஐடி ஆகியவை ஹேப்-1 என்னும் ஊதி விரிக்கும் வாழிடத்தை அமைத்தன. மண்ணில்லாப் பயிர் வளர்ப்பு, சமையலறை, கழிப்பிடம் ஆகியவை அதில் இருந்தன. தரையில் வெளிக்காற்றும் அழுத்துவதால் இதன் சுவருக்கு விண்வெளிச் சுமை இல்லை. எனவே இது கலத்தின் வலிமைக்கான சோதனையன்று, அதில் மனிதர் வாழ்வதற்கான ஒத்திகை.