ஒன்பதாம் எண் எடர்

2015 மே 31. லிஸ்பனை ஒட்டிய ஜாமோர் தேசிய அரங்கில் போர்ச்சுகல் கோப்பையின் இறுதி ஆட்டம். ஸ்போர்ட்டிங் அணியின் தற்காப்பு வீரர் செத்ரிக் சிவப்பு அட்டை பெற்று வெளியேறுகிறார். பிராகா அணிக்குப் பெனால்டி. பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பவர் பெயர் எடர். கோல்கம்பத்தில் ருய் பத்ரீசியோ. 16-வது நிமிடத்தில் பந்து வலைக்குள் போகிறது. சிறிது நேரத்தில் ரஃபா சில்வா இரண்டாவது கோலை அடிக்கிறார். எதிரணியில் பத்துப் பேர்தான் மிச்சம். கோப்பை பிராகாவுக்கு என்று எல்லோரும் முடிவு கட்டிய வேளையில், 84-வது நிமிடத்தில் ஸ்லிமானியும் கடைசிக் கூடுதல் நிமிடங்களில் மொன்தேரோவும் அடித்த கோல்களால் ஆட்டம் சமனாகிறது. பெனால்டி முறையில் ஸ்போர்ட்டிங் வெல்கிறது.

பிராகாவுக்காக எடர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே பத்ரீசியோவும் செத்ரிக்கும் அவரோடு ஒரே உடுப்பில் பாரிஸில் நிற்பார்கள். இந்தத் தொழிலின் இயல்பு அப்படி. யாரை எதிர்த்து ஆடுகிறோமோ அவரோடு சேர்ந்து ஆட வேண்டியிருக்கும். எந்த ஊர் தலையில் தூக்கி வைக்கிறதோ அந்த ஊரை விட்டு அடுத்த கோடையில் கிளம்ப வேண்டியிருக்கும்.

சென்ற இதழில் மொசாம்பிக்கில் பிறந்து போர்ச்சுகலுக்காக 1966 உலகக் கோப்பையில் ஒன்பது கோல்கள் அடித்த யூசேபியோவைப் பார்த்தோம். அவர் ஆடிய காலத்தில் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் இன்னும் லிஸ்பனின் பிடியில் இருந்தன. எடர் அந்தப் பிடி விட்ட பிறகு வந்த தலைமுறை. கினி பிசாவ் 1973 செப்டம்பர் 24 அன்று தன் விடுதலையைத் தானே அறிவித்தது. போராட்டத்தை நடத்திய அமில்கார் கப்ரால் அதற்கு எட்டு மாதங்களுக்கு முன் கொல்லப்பட்டிருந்தார். லிஸ்பனில் ராணுவத்தினர் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974-ல்தான் போர்ச்சுகல் அந்த விடுதலையை ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1987 டிசம்பர் 22 அன்று, பிசாவ் நகரில் பிறந்தவர் எடர்சித்தோ அந்தோனியோ மசேதோ லோபெஸ். சிறு வயதிலேயே போர்ச்சுகலுக்கு அழைத்துவரப்பட்டார். பெற்றோரிடமிருந்து பிரிந்து, கோயிம்ப்ரா நகரின் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தார்.

பெரிய அணிகளின் பயிற்சிப் பள்ளி எதுவும் அவரைக் கண்டெடுக்கவில்லை. அதேமியா என்ற உள்ளூர் மன்றம், பிறகு ஒலிவெய்ரா தோ ஹோஸ்பித்தால், பிறகு மூன்றாம் நிலைப் போட்டிகளில் ஆடிய தூரிசென்ஸ். லிஸ்பன் நாளேடுகள் இந்தப் பெயர்களை முடிவுப் பட்டியலின் அடியில் மட்டுமே அச்சிடும். அங்கிருந்து 2008-ல் அகாதெமிகாவுக்கு வந்தார். அதுவே முதல் நிலை லீகில் அவர் காலடி.

அகாதெமிகாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். கோயிம்ப்ரா பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலிருந்து பிறந்த அணி அது, உடுப்பு கறுப்பு. 1969 ஜூன் 22 அன்று இதே ஜாமோரில் கோப்பை இறுதியாட்டத்தில் பென்ஃபிகாவை எதிர்கொண்டது. மாணவர் கிளர்ச்சியால் கோயிம்ப்ரா கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். அரங்கின் இருக்கைகளில் ஆட்சிக்கு எதிரான வாசகங்கள் விரிந்தன. ஆட்டம் தொலைக்காட்சியில் காட்டப்படவில்லை. வழக்கமாக வந்து கோப்பையைக் கொடுக்கும் குடியரசுத் தலைவர் வரவும் இல்லை. கூடுதல் நேரத்தில் யூசேபியோ அடித்த கோலால் பென்ஃபிகா 2-1 என வென்றது. தோற்ற அணியின் பெயர்தான் நாட்டின் அரசியல் வரலாற்றில் நிலைத்தது. அந்த அணியின் சட்டையை எடர் நான்கு ஆண்டுகள் அணிந்தார். 2012-ல் அகாதெமிகா 73 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை வென்றது. அதே கோடையில் எடர் பிராகாவுக்குப் போனார்.

ஏன் போக வேண்டும்? போர்ச்சுகல் லீகின் கணக்கு அப்படி. பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் என்ற மூன்று அணிகளை விட்டால், இதுவரை பட்டம் வென்றவை 1946-ல் பெலெனென்ஸும் 2001-ல் போவிஷ்டாவும் மட்டும். மற்ற அணிகள் ஆட்டக்காரரை வளர்த்து விற்றுத்தான் பிழைக்க முடியும். மூன்று பெரிய அணிகளில் இடம் கிடைக்காத திறமைசாலி ஒன்று நடுத்தர அணிகளுக்குள் சுற்றுவார், இல்லையேல் எல்லை தாண்டுவார். போர்ச்சுகலுக்காக 47 கோல்கள் அடித்த பௌலெத்தா தன் நாட்டு முதல் நிலை லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஸ்பெயினும் பிரான்ஸும்தான் அவர் களம்.

பௌலெத்தா ஓய்வு பெற்ற பிறகு, கோலடிக்கும் மைய முன்வரிசை வீரருக்கான ஒன்பதாம் எண்ணுக்கு ஏற்ற ஆள் இல்லை என்பது போர்ச்சுகலின் நிரந்தரக் குறையாக இருந்தது. பிராகாவில் முதல் சீசனிலேயே லீகில் 13 கோல்கள் அடித்த எடர் மீது பார்வை விழுந்தது. 2012 செப்டம்பரில் அசர்பைஜானுக்கு எதிராக நாட்டுக்காக முதல் ஆட்டம். ஆனால் காயம் அந்த சீசனைப் பாதியில் நிறுத்தியது. 2014 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் களம் இறங்கினார். கோல் இல்லை, போர்ச்சுகல் முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. நாட்டுக்கான முதல் கோலை அவர் அடித்தது 2015 ஜூனில், ஜெனீவாவில், இத்தாலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் கேலிதான். பெயர் அறிவிக்கப்பட்டாலே முனகுகிற ரசிகர்கள் முன்னால் ஒரு மனிதன் தொடர்ந்து ஓடியிருக்கிறான் என்பதைக் கோல் கணக்கு சொல்லாது.

அந்த 2015 கோடையில்தான் ஜாமோர் தோல்விக்குப் பின் வேல்ஸின் ஸ்வான்சி அவரை வாங்கியது. எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 15 ஆட்டங்கள், ஒரு கோலும் இல்லை. பாதி சீசனில் பிரான்ஸின் லில் அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அங்கே 13 லீக் ஆட்டங்களில் 6 கோல்கள். லில் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. ஸ்வான்சியில் தொலைந்த நம்பிக்கையை மீட்க உதவியவர் என்று மனநலப் பயிற்சியாளர் சுசானா தோரெஸின் பெயரை அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லி நன்றி கூறினார்.

2016 யூரோ கோப்பைக்கான 23 பேரில் எடர் பெயர் இருந்ததைப் பலர் கேள்வி கேட்டார்கள். பயிற்சியாளர் ஃபெர்னாந்தோ சாந்தோஸ் அசையவில்லை. எதிரணித் தற்காப்பை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தை விடாமல் வைத்திருக்கும் உடல்வலு அந்த அணியில் வேறு யாரிடமும் இல்லை. சாந்தோஸ் கணக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இறுதியாட்டம் வரை எடருக்குக் கிடைத்தவை இரண்டு ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள் மட்டுமே.

ஜூலை 10, பிரான்ஸுக்கு எதிரான இறுதியாட்டம். பாரிஸின் வடக்கே சான் தெனியில் பிரான்ஸ் தேசிய அரங்கம், 75,868 பேர். 1975-க்குப் பிறகு போர்ச்சுகல் பிரான்ஸை வென்றதே இல்லை. தொடர்ந்து பத்துத் தோல்விகள். எட்டாவது நிமிடத்தில் பிரான்ஸின் பாயெத்தின் மோதலில் ரொனால்டோவின் முழங்கால் அடிபட்டது. 25-வது நிமிடத்தில் அழுதபடி ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார்.

அந்த அரங்கில் போர்ச்சுகலுக்காகக் கத்தியவர்களில் கணிசமானோர் விமானத்தில் வந்தவர்கள் அல்லர். பாரிஸைச் சுற்றியே வாழ்பவர்கள். 1960-களில் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியின் வறுமைக்கும் ஆப்பிரிக்கப் போர்களுக்கும் தப்பி, இரவில் பிரனீஸ் மலை தாண்டி வந்த லட்சக்கணக்கானோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். கிளம்பும்போது ஒரு புகைப்படத்தை இரண்டாகக் கிழித்துப் பாதியை வீட்டில் விட்டு வருவார்கள். பத்திரமாகச் சேர்ந்ததும் மறுபாதியைத் தபாலில் அனுப்ப, அதன் பிறகே வழிகாட்டிக்கு மிச்சப் பணம் கிடைக்கும். வந்தவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாரிஸை ஒட்டிய ஷாம்பினியின் சேற்றில் குடிசை போட்டு வாழ்ந்து, பாரிஸின் கட்டடங்களை எழுப்பினார்கள். அந்த யூரோ அணியிலேயே ரஃபாயெல் கெரெய்ரோ, அத்ரியென் சில்வா, அந்தோனி லோபெஸ் மூவரும் பிரான்ஸில் பிறந்தவர்கள்.

79-வது நிமிடத்தில் ரெனாத்தோ சாஞ்செஸுக்குப் பதிலாக எடர் இறங்கினார். 92-வது நிமிடத்தில் பிரான்ஸின் ஜின்யாக் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. எடர் வந்த பிறகுதான் பந்து போர்ச்சுகலின் முன்வரிசையில் தங்கத் தொடங்கியது. 107-வது நிமிடத்தில் பந்து கையில் பட்டதாக நடுவர் கிளாட்டன்பர்க் விசிலடித்து, பிரான்ஸின் தற்காப்பு வீரர் கோசியெல்னிக்கு மஞ்சள் அட்டை காட்டினார். உண்மையில் பட்டது எடரின் கையில். அந்த ஃப்ரீ கிக்கைக் கெரெய்ரோ அடிக்க, பந்து குறுக்குக் கம்பத்தில் மோதியது.

109. மோத்தின்யோ பந்தைத் தருகிறார். எடரின் முதுகில் அதே கோசியெல்னி. எடர் அவரைத் தோளால் தள்ளிவைத்தபடி உள்பக்கமாக நகர்கிறார். இருபத்தைந்து கெஜ தூரத்திலிருந்து வலக்காலால் தாழ்வாக அடிக்கிறார். கோல்கீப்பர் லோரிஸ் பாய்ந்தும் எட்டவில்லை. போர்ச்சுகலின் முதல் பெரிய பட்டம். 2004-ல் சொந்த மண்ணிலேயே கிரீஸிடம் இறுதியாட்டத்தைத் தோற்ற நாடு அது. கோலை அடித்தவர் பிசாவில் பிறந்து, பிரான்ஸ் அணி ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். அடுத்த சீசனில் லில் அணிக்காக ஆடப்போன ஊர்களில் பிரான்ஸ் ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டே வரவேற்றார்கள்.

அந்தக் கோலை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் மாஸ்கோவையும் பார்க்க வேண்டும். ரயில்வே தொழிலாளர் அணியாகத் தொடங்கிய லோகோமோட்டிவுக்கு 2017-ல் இரவலாகப் போனார் எடர். 2004-க்குப் பிறகு அந்த அணி லீக் பட்டம் கண்டதில்லை. 2018 மே 5, ஜெனித்துக்கு எதிராக வென்றால் பட்டம். 87-வது நிமிடம் வரை கோல் இல்லை. அந்த நிமிடத்தில் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் எடர். இரண்டு ஆண்டுக்குள் இரண்டு நாடுகளின் பட்டங்கள், இரண்டும் ஆட்டம் முடியும் தறுவாயில், இரண்டும் 1-0. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கடைசி நிமிடங்களுக்காகக் காத்திருந்து பழகிய ஆட்டக்காரரின் திறமை இது.

அடுத்த மாதம் அதே ரஷ்யாவில் உலகக் கோப்பை. சாந்தோஸ் அறிவித்த பட்டியலில் எடர் பெயர் இல்லை. லோகோமோட்டிவில் 2021 வரை ஆடி இரண்டு முறை ரஷ்யக் கோப்பையையும் வென்று, பிறகு சவூதியின் புரைதா நகரில் அல் ராயித் அணிக்குப் போனார். நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 35, கோல்கள் 5. அந்த ஐந்தில் நான்கு நட்பு ஆட்டங்களில் வந்தவை.

(தொடரும்)