பார்வைக்கு வைத்த படத்துக்குக் கூலி

லண்டன் என்றதும் எங்களில் பலருக்கு ஈஸ்ட்ஹாமும் வெம்பிளியும்தான் ஞாபகத்துக்கு வரும். நாம் இங்கே சொல்வது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டனை. ரொறொன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணித்தியால ஓட்டம். அந்த நெடுஞ்சாலையையே வரைந்து பேரெடுத்த ஜாக் சேம்பர்ஸ் அவ்வூர்க்காரர். ஓவியத்தை விற்றால் மட்டுமல்ல, பார்வைக்கு வைத்தாலும் வரைந்தவருக்குக் கூலி சேரவேண்டும் என்ற வழக்கு கனடாவில் வேரூன்ற முன்னின்றவரும் அவர்தான்.

1967 கனடாவின் நூற்றாண்டு. ஒட்டாவாவிலுள்ள தேசியக் கலைக்கூடம், ஓவியங்களைச் சிலைட்டுகளாக்கிக் கல்வித் தேவைக்குக் கொடுக்க விரும்பி ஓவியர்களுக்குக் கடிதம் எழுதியது. பதிப்புரிமைக்குப் பணம் கிடையாது. பெரிய இடம் கேட்கிறது, கல்விக்காகக் கேட்கிறது. இப்படியான வேளையில் தலையாட்டுவதுதான் உலக வழக்கம். சேம்பர்ஸ் மறுத்தார். மற்ற ஓவியர்களையும் திரட்டினார். அடுத்த வருடமே, 1968 இல், ரொனி ஏர்க்கட்டும் கிம் ஒண்டாச்சியும் கைகொடுக்க, ஓவியர்களுக்கென ஒரு சங்கம் உருவாயிற்று. இன்று கார்ஃபாக் என்று அழைக்கப்படுவது அதுவே. கிம், கொழும்பில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சியின் அந்நாளைய மனைவி. அந்தப் பெயரைக் கொண்டே நம்மவர்கள் அவரை அடையாளம் காண்பார்கள். ஆனால் அவர் தன்னளவில் தேர்ந்த ஓவியர்.

அவர்களுடைய நியாயம் எளியது. கலைக்கூடத்தில் காவலாளிக்குச் சம்பளம் உண்டு. அழைப்பிதழ் அச்சடித்தவருக்கும் சட்டம் போட்ட தச்சருக்கும் கூலி உண்டு. படமில்லாவிட்டால் அங்கே இருப்பது வெறுஞ்சுவர். படத்தைக் கொடுத்தவருக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை? 'பெயர் வரும்' என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில். விற்பனைக் கூடங்களில் அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பொதுக் கலைக்கூடத்தில் படம் விற்பதேயில்லை.

1969 இல் சேம்பர்ஸுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1978 இல், 47 வயதில், இறந்தார். அதற்கு முன், 1975 இல், ஓவியர்களுக்குக் காட்சிக் கட்டணம் வழங்கும் முதல் நாடு என்ற பெயர் கனடாவுக்குக் கிடைத்துவிட்டது. கனடா கவுன்சிலின் மானியம் வேண்டுமென்றால் கலைக்கூடங்கள் கட்டணம் கொடுத்தாகவேண்டும் என்றாயிற்று. 1988 இல் அது பதிப்புரிமைச் சட்டத்திலும் ஏறியது: விற்பனைக்கோ வாடகைக்கோ அல்லாத பொதுக் காட்சியில் ஒரு படைப்பை வைக்கும் உரிமை படைத்தவருக்கே உரியது.

கடிதம் அனுப்பிய அதே தேசியக் கலைக்கூடத்துடன் பின்னர் இன்னொரு பிணக்கு. குறைந்தபட்சக் கட்டணம் பற்றி 2003 இல் தொடங்கிய பேச்சுவார்த்தை 2007 இல் முறிந்தது. வழக்கு மேலும் கீழுமாக அலைந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 மே 14 அன்று, வாதம் கேட்ட அன்றே, நீதிபதிகள் ஏகமனதாக ஓவியர்கள் பக்கம் தீர்த்தார்கள். 2015 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இதையெல்லாம் நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் விழாக்களில் மண்டபத்துக்கு வாடகை கொடுபடுகிறது. ஒலிபெருக்கிக்காரருக்கும் வடை சுட்டவருக்கும் காசு போகிறது. சுவரோரம் படங்களை மாட்டிவிட்டு நிற்கும் ஓவியருக்குப் பொன்னாடை. அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் ஒரு குப்பி வர்ணம் தருவார்களா?

சட்டத்தில் ஓர் எல்லையும் உண்டு. 1988 யூன் 7 க்குப் பின் படைத்தவற்றுக்கே அந்த உரிமை செல்லும். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் வரைந்து, இடப்பெயர்வுகளுக்கெல்லாம் தப்பி, சுருட்டிக் கொண்டுவரப்பட்ட படமொன்று ஸ்காபரோ மண்டபத்தில் தொங்குமானால், அதற்காக ஓவியர் சட்டத்தைக் காட்டிக் கேட்கமுடியாது. ஆனால் விழாக் குழு விரும்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.