மோச்சே குடுவைகளும் பலியும்

பெருவின் வடகரைப் பாலையில் சுமார் கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்த மோச்சே மக்களுக்கு எழுத்து கிடையாது. குடுவைகள் இருந்தன. வெளிர்நிறப் பரப்பில் செம்மண் கோடுகளாக ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது: கைகள் கட்டப்பட்ட நிர்வாணக் கைதிகள், அறுபடும் கழுத்து, கிண்ணத்தில் ரத்தம், அதை வாங்கிக்கொள்ளும், தோளிலிருந்து கதிர்கள் கிளம்பும் ஒருவன். அருகே பறவைமுகத்தான், நீள்சடைப் பெண்.

1970-களில் கிறிஸ்டஃபர் டோனன் இக்காட்சியைத் தனியே பிரித்துப் பாத்திரங்களை அடையாளம் கண்டார். அப்போது இதைப் புராணமென்று கொள்வது சுலபமாக இருந்தது. மிருகத்தலை மனிதனைக் கண்டதும் 'படிமம்' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நம்மில் பலர் கவிதை படிப்பதும் இப்படித்தான்.

1987-ல் சிபானில் வால்டர் ஆல்வா திறந்த கல்லறையில் கதிர்மனிதனின் பிறைத் தலையணியும் பெரிய காதணிகளுமாக ஒருவன் கிடந்தான். 1991-ல் சான் ஹோசே தெ மோரோவில் அந்தப் பெண். இரட்டைத் தூவித் தலையணி, கூடவே உயரமான கிண்ணம். காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்பார்ப்பது என் பிழைப்பு. இவ்வளவு பொருத்தம் அங்கேகூட அபூர்வம்.

1995-லிருந்து ஸ்டீவ் பூர்ஷே ஹுவாக்கா தெ லா லூனாவில் எழுபதுக்கு மேற்பட்ட ஆண்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார். கழுத்தெலும்புகளில் கத்திக் கீறல்கள். சிலர் எல்நினோ மழை கரைத்த சேற்றில் புதைந்திருந்தார்கள். மழையை நிறுத்தக் கொன்றார்கள் என்று முடித்துவிடலாமா? உலர்ந்த மணலிலும் பிணங்கள் கிடந்தனவே. வானிலையைக் கொண்டு சடங்கை விளக்கிவிடுவது எனக்குத் திருப்தி தரவில்லை.

செத்தவர்கள் யார்? அண்டைப் பள்ளத்தாக்குப் பகைவர்கள் என்பார் உண்டு. சொந்த இனத்துப் பிரபுக்கள் என்பாரும் உண்டு. குடுவைப் போர்களில் பெரும்பாலும் இருதரப்பும் ஒரே உடை, ஒரே கதை. கொல்வதைவிட எதிரியின் முடியைப் பற்றி இழுப்பதே குறி. இரண்டாவது தரப்பின் பக்கம்தான் நான் சாய்கிறேன். காரணம் முகக்குடுவைகள். அவை வகைமாதிரிகள் அல்ல, தனி ஆட்கள். உதட்டில் தழும்புள்ள ஒருவனைச் சிறுவனாகவும் வாலிபனாகவும் முப்பது கடந்தவனாகவும் வடித்திருக்கிறார்கள். இவ்வாறு பிரபுக்களாக வனையப்பட்ட முகங்களில் சில, கைதிகளின் உடல்மேலும் காணப்படுவதை டோனன் சுட்டுகிறார். குயவனுக்குத் தெரிந்த முகம். தலைப்பாகை இல்லை, காதணி இல்லை, கழுத்தில் கயிறு.