வசிப்பிட அவப்பெயர்

ஒரு பகுதிக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் அங்கே வாழும் எல்லோர் மீதும் படிந்து, வேலை, படிப்பு, உறவு என அவர்கள் நாடும் ஒவ்வொன்றிலும் குறுக்கே நிற்பதை வசிப்பிட அவப்பெயர் எனலாம். பாரிஸ் புறநகர்களையும் சிகாகோவின் தென்பகுதியையும் ஆராய்ந்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் லோயிக் வாக்கான், வறுமையாலும் இனத்தாலும் வரும் இழிவுக்கு மேல் இது தனியாக ஏறும் இன்னொரு இழிவு என்றார்.

தமிழ்நாட்டில் இதை விளங்கிக்கொள்ளச் சென்னை ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரைப் பார்த்தாலே போதும். 2000ஆம் ஆண்டு முதல், ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் இங்கே குடியமர்த்தியது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்ககால வீடுகள் பல 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. வீட்டுவேலை, மீன் விற்பனை, சுமை தூக்குதல் என்று நகருக்குள் பிழைத்தவர்கள் பிழைப்பிடத்தை இழந்தார்கள். பக்கத்திலேயே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் முகவரியைக் கேட்டதும் வேலை மறுக்கப்பட்டதாகவும், உறவினர் விலாசத்தைக் கொடுத்தே வேலை தேட நேர்ந்ததாகவும் இங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

அங்கே குற்றங்கள் நடக்கத்தானே செய்கின்றன, பெயர் சும்மா வருமா என்று கேட்பார்கள். நடக்கின்றன, அவற்றால் முதலில் அடிபடுவோரும் அங்குள்ளவர்களே. ஆனால் பெயர் குற்றத்தின் அளவை ஒட்டியே வருவதில்லை. சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் ஸ்டீபன் ராடன்புஷ்ஷும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு தெரு ஒழுங்கற்றது என்ற எண்ணத்தைக் கண்ணால் காணும் சீர்கேட்டைவிட அங்கே வாழ்வோரின் இனமும் வறுமையுமே கூடுதலாகத் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. அமெரிக்காவில் பழைய ஐபோன் விற்கும் விளம்பரங்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், பின்தங்கிய பகுதியின் பெயர் இருந்த விளம்பரங்களுக்குக் குறைவான பதில்களே வந்தன. பொருள் ஒன்றே, விலாசம்தான் வேறு. வேலை கிடைக்காத இளைஞர் கூட்டத்தை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, அதன் விளைவை அவர்களுடைய குணம் என்று சொல்வது அநியாயம்.

நற்பெயரை அங்குள்ளவர்களே சம்பாதிக்கட்டும் என்பது அடுத்த வாதம். பெயரை மாற்றும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2020இல் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்கள் ஓவியங்களால் நிறைந்தன. 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து ‘குடிசை’ நீங்கியது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில், தங்கம் வென்ற கபடி அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர் பெண் என்று ஊரெங்கும் பேசினார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் சாதாரண வேலைக்குப் போகும் பிள்ளை ஆசியத் தங்கம் வென்றுவந்துதான் தன் விலாசத்தைச் சொல்ல வேண்டுமா? விலாசம் பார்த்து ஒதுக்குவதைச் சட்டமும் தடுக்கலாம். பிரான்ஸ் 2014இல் வசிப்பிடத்தைக் காட்டிப் பாகுபடுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது. இந்திய அரசமைப்பின் 16(2) உறுப்பும் அப்படித் தடுக்கிறது, ஆனால் அரசுப் பணியில் மட்டும். கண்ணகி நகரைச் சுற்றியிருக்கும் வேலைகளோ பெரும்பாலும் தனியாருடையவை.