அப்டேட் பண்ணதும் கோடு மாறிடுச்சா? பிளெண்டர் 'கிரீஸ் பென்சில்' மாற்றமும் அனிமேட்டர்களின் ஃபீட்பேக்கும்

போன்ல ஒரு ஆப் அப்டேட் ஆகி பட்டன் இடம் மாறினா ரெண்டு நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் பழகிடும். வரையுற டூல் மாறினா விஷயமே வேற. பேனாவை எவ்வளவு அழுத்தினா கோடு எவ்வளவு தடிக்கும், வளைவுல திரும்பும்போது எங்க நிறுத்தணும்னு உங்க கைக்குத்தான் தெரியும். வாயால சொல்லச் சொன்னா வராது. அந்தக் கைப்பழக்கத்தையே அசைச்சுப் பார்த்த ஒரு அப்டேட், 2024 நவம்பர்ல வந்த பிளெண்டர் 4.3. அதுல என்ன மாறுச்சு, வரையுறவங்க என்ன சொன்னாங்க, உங்களுக்கும் இப்படி ஆனா என்ன பண்ணலாம்னு பார்க்கலாம்.

பிளெண்டர் தெரியாதவங்களுக்காகச் சின்ன அறிமுகம். இது 3டி அனிமேஷன் சாஃப்ட்வேர். முழுசா இலவசம், சோர்ஸ் கோடும் எல்லாருக்கும் திறந்தே இருக்கு. 2002ல் இதை வெச்சிருந்த கம்பெனி மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி சாஃப்ட்வேரைப் பொதுவுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால இதைப் பயன்படுத்துறவங்க 'இது நம்மளோடது'ன்னு உரிமையோட பேசுறதுல ஆச்சர்யம் எதுவும் இல்லை.

இதுக்குள்ள இருக்கும் 2டி வரையும் வசதிதான் கிரீஸ் பென்சில். 2008ல் வந்தப்போ இது வெறும் குறிப்பு எழுதுற கருவி. 3டி காட்சி மேல 'இந்தக் கையைக் கொஞ்சம் தூக்கு'ன்னு கிறுக்கிக் காட்ட உதவும், அவ்வளவுதான். கிறுக்க வந்தவங்க அதுலயே படம் வரைய ஆரம்பிச்சாங்க. 2019ல் வந்த 2.8 வெர்ஷன்ல அது முழுமையான 2டி அனிமேஷன் கருவியாவே மாறிடுச்சு. அதே வருஷம் வெளியான பிரெஞ்சுப் படம் 'ஐ லாஸ்ட் மை பாடி'யில், 3டியில் அசையும் உருவங்கள் மேல கிரீஸ் பென்சிலால் கோடு வரைஞ்சிருப்பாங்க. ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன படம் அது.

ஏன் அடியோடு மாத்தினாங்க?

குறிப்பு எழுதுறதுக்காகப் போட்ட அஸ்திவாரத்து மேல மாடி மேல மாடியா கட்டிக்கிட்டே போனதுதான் பிரச்னை. பழைய கிரீஸ் பென்சில்ல நீங்க போடும் ஒவ்வொரு கோடும் தனித்தனிப் பொட்டலம். அதுக்குள்ள அந்தக் கோட்டோட புள்ளிகள் இருக்கும். ஒரு ஃப்ரேம்ல ஆயிரம் கோடு இருந்தா ஆயிரம் பொட்டலத்தையும் ஒவ்வொண்ணா பிரிக்கணும். புது வடிவத்துல எல்லாக் கோடுகளின் புள்ளிகளும் ஒரே பட்டியல்ல வரிசையா நிற்குது. பிளெண்டர்ல முடியை உருவாக்கும் வளைகோடுகளுக்கு எந்த அமைப்போ, அதுவேதான் இங்கேயும். இதனால, ஒருமுறை விதியை எழுதிட்டா உருவங்களைத் தானாகவே மாற்றித்தரும் 'ஜியாமெட்ரி நோட்ஸ்' வசதி முதல்முறையா கிரீஸ் பென்சில் கோடுகளுக்கும் கிடைச்சுது. 2023ல் தொடங்கிய வேலை 4.3ல்தான் எல்லார் கைக்கும் வந்தது.

வரவேற்பு கிடைச்ச மாற்றங்களும் உண்டு. என்னைக் கேட்டா, அதுல முக்கியமானது அழிப்பான். பழசுல அழிச்சா, அழிப்பானுக்குள்ள மாட்டும் புள்ளிகள் மட்டும் போகும். கோட்டுல புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தா, நீங்க நினைச்ச இடத்துக்கு அப்பாலயும் கோடு பிய்ஞ்சு போகும். புதுசு அழிப்பானின் விளிம்புலயே கத்தரிச்ச மாதிரி வெட்டுது. லேயர்களை குரூப்பா அடுக்கும் வசதியும் வந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணு, முடிக்கு ஒண்ணு, நிழலுக்கு ஒண்ணுன்னு முப்பது லேயர் வெச்சு வேலை செய்றவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

அப்புறம் ஏன் புகார்?

இதே 4.3ல் இன்னொரு பெரிய மாற்றமும் சேர்ந்தே வந்தது. பிரஷ்கள் எல்லாம் 'அசெட்' ஆயிடுச்சு. அதாவது, முன்னாடி அந்தந்த ஃபைலுக்குள்ளயே இருந்த பிரஷ், இப்போ ஒரு பொது நூலகத்துக்குப் போயிடுச்சு. திரையின் கீழே ஒரு ஷெல்ஃப் திறக்கும், அதுல இருந்து எடுத்துக்கணும். ஒரு பிரஷ்ஷை எல்லா ஃபைல்லயும் பயன்படுத்தலாம்ங்கிறது நல்ல விஷயம்தான். ஆனா வருஷக்கணக்கா ஃபைலுக்குள்ள பிரஷ் சேர்த்து வெச்சவங்களுக்கு, ஒரு நாள் காலையில மேஜை டிராயரை யாரோ வேற ரூம்ல வெச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

வரையும் இன்ஜினையும் பிரஷ் முறையையும் ஒரே வெர்ஷன்ல மாத்தினது தப்பான முடிவுன்னுதான் எனக்குத் தோணுது. 'கோடு முன்ன மாதிரி வரலை'ன்னு ஒருத்தர் சொன்னா அதுக்குக் காரணம் புது இன்ஜினா, மாறிப்போன பிரஷ் செட்டிங்கா? சொல்றவருக்கும் தெரியாது, கேட்குறவருக்கும் தெரியாது.

ஆட்-ஆன் கதை இன்னும் கஷ்டம். உள்ளமைப்பு மாறினதால பைத்தான் கட்டளைகளும் மாறிடுச்சு. பழைய கிரீஸ் பென்சிலுக்காக எழுதின ஆட்-ஆன்களைத் திருத்தி எழுதினாத்தான் ஓடும். அதை எழுதினவர் வேற வேலைக்குப் போயிருந்தா, அதை நம்பின உங்க வேலை அங்கேயே நின்னுடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒண்ணு. பழைய ஃபைலை 4.3ல் திறந்தா தானாகவே புது வடிவத்துக்கு மாறிடும். அதை சேவ் பண்ணிட்டா, அந்த கிரீஸ் பென்சில் வேலையை 4.2க்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது. ஒரு குறும்படத்தின் பாதியில் இருக்கீங்கன்னா முதல்ல ஃபைலைக் காப்பி எடுங்க. பிளெண்டரை ஜிப் ஃபைலா இறக்கி ரெண்டு வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கலாம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. 2024 ஜூலையில் வந்த 4.2, இரண்டு வருஷம் பிழைதிருத்தம் கிடைக்கும் நீண்டகால வெர்ஷன். நிறைய பேர் நடுவுல இருந்த புராஜெக்ட்டை அதுலயே முடிச்சது புத்திசாலித்தனம். அப்டேட் வந்துடுச்சுங்கிறதுக்காக நீங்க நகர்ந்தே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்தலை. மாதச் சந்தா கட்டும் சாஃப்ட்வேர்கள்ல இந்தச் சுதந்திரம் பெரும்பாலும் கிடைக்காது.

புகார்கள் காத்தோட போயிடலை. 2025 மார்ச்ல வந்த 4.4க்காக, புது வசதிகளைக் கொஞ்சம் தள்ளிவெச்சுட்டு 'விண்டர் ஆஃப் குவாலிட்டி'ன்னு பெயர் வெச்சு பிழைதிருத்தத்தில் இறங்கினாங்க. பிளெண்டர் முழுக்க 700க்கும் மேற்பட்ட பிழைகள் சரிசெய்யப்பட்டன.

உங்க கை சொல்றதை எப்படிச் சொல்றது?

'ஃபீல் சரியில்லை'ங்கிறது உண்மையான தகவல்தான். ஆனா அதை வெச்சு யாராலும் எதையும் திருத்த முடியாது. முதல்ல உங்க பக்கம் கொஞ்சம் துப்பறியுங்க. கோடு பேனாவுக்குப் பின்னாடி தாமதமா வருதா? 'ஸ்டெபிலைஸ் ஸ்ட்ரோக்' ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. கை நடுக்கத்தை மறைக்க அது வேணும்னேதான் கோட்டைப் பின்தங்க வைக்கும். பேனாவைத் தூக்கினதும் வடிவம் மாறுதா? அது 'போஸ்ட் ப்ராசஸிங்'ல இருக்கும் ஸ்மூத் அல்லது சிம்ப்ளிஃபை செய்யும் வேலை. அழுத்தமே பதிவாகலையா? விண்டோஸ்ல ப்ரிஃபரன்சஸ் போய், இன்புட் பகுதியில் டேப்லெட் செட்டிங்கை விண்டோஸ் இங்க், வின்டாப் ரெண்டுக்கும் மாத்தி மாத்திப் பாருங்க. பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துடும்.

தீரலைன்னா, ஹெல்ப் மெனுவில் 'ரிப்போர்ட் எ பக்' இருக்கு. அதை அழுத்தினா உங்க கிராஃபிக்ஸ் கார்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் விவரம் தானாகவே நிரம்பிடும். எந்த வெர்ஷன்ல கெட்டுப்போச்சு, கடைசியா எந்த வெர்ஷன்ல சரியா இருந்துச்சுன்னு ரெண்டு கேள்வி வரும். ரெண்டாவதைத்தான் நிறைய பேர் காலியா விட்டுடறாங்க. அது தெரிஞ்சா, நடுவுல எந்த மாற்றம் கோளாறு பண்ணுச்சுன்னு தேட வேண்டிய இடம் சுருங்கிடும். அனுப்புறதுக்கு முன்னாடி ஃபேக்டரி செட்டிங்கில், ஆட்-ஆன் எதுவும் இல்லாம அதே பிரச்னை வருதான்னு பார்த்துடுங்க. முழு புராஜெக்ட்டையும் அனுப்பாதீங்க. ரெண்டே கோடு இருக்கும் சின்ன ஃபைல் போதும். ஆங்கிலத்துல எழுதணும்தான், ஆனா 'இதைச் செய்தேன், இது நடந்தது, இது நடக்கும்னு எதிர்பார்த்தேன்'னு மூணு எளிய வாக்கியம் எழுதினாப் போதும். 'இந்த வசதி இருந்தா நல்லாருக்கும்'ங்கிறது பிழை இல்லை, ஆசை. அதை அங்கே போட்டா மூடிடுவாங்க.

எப்போ சொல்றீங்கங்கிறதும் முக்கியம். பிளெண்டர் வழக்கமா வருஷத்துக்கு மூணு முறை வருது, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பீட்டா வெர்ஷன் கிடைக்கும். ரிலீஸுக்கு அப்புறம் மாத்துறதைவிட அப்போ மாத்துறது சுலபம். அடுத்த பீட்டா வந்ததும் ஜிப்பை இறக்கி, உங்க பழைய ஃபைலின் காப்பி ஒண்ணைத் திறந்து அரை மணி நேரம் வரைஞ்சு பாருங்க. உங்க வழக்கமான பிரஷ், அழிப்பான், கலர் நிரப்பும் ஃபில் டூல், இந்த மூணையும் கட்டாயம் சோதிச்சுடுங்க.